ஆங்கில நாவலுக்கு வராத சிறை: கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ

கென்யாவில் தேயிலை விளையும் லிமுரு வட்டாரத்தில் 1938-இல் பிறந்தவர் கூகி வா தியாங்கோ. பிரிட்டிஷ் ஆட்சிக் காலம் அது. பள்ளியில் தாய்மொழியான கிகூயுவில் பேசிய பிள்ளைகளுக்குப் பிரம்படி விழும். இழிசொல் எழுதிய தகட்டைக் கழுத்தில் மாட்டுவதும் உண்டு.

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1964-இல், அவருடைய முதல் ஆங்கில நாவல் வெளிவந்தது. வெள்ளைக்காரரிடம் நிலத்தை இழந்தவர்களின் கதை அது. 1977-இல் வந்த 'பெட்டல்ஸ் ஆஃப் பிளட்' நாவலோ, வெள்ளையர் போன பின் அந்த இடத்தில் உட்கார்ந்த உள்ளூர்ப் பணக்காரர்களைச் சாடியது. அரசு அதைத் தடுக்கவில்லை. அதன் வெளியீட்டு விழாவை நடத்திவைத்தவரே அப்போதைய நிதியமைச்சர் முவாய் கிபாக்கிதான்!

அதே ஆண்டில் கூகி, கமிரீத்து கிராமத்து மக்களோடு சேர்ந்து ஒரு கிகூயு நாடகத்தை அரங்கேற்றினார். நடித்தவர்கள் தோட்டத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயிகளும். திறந்தவெளி அரங்கையும் அவர்களே கட்டினார்கள். ஏழைத் தொழிலாளி ஒருவரின் ஒன்றரை ஏக்கர் நிலம் கடனில் மூழ்கிப் போவதுதான் கதை. ஆங்கிலம் தெரியாத அந்த மக்களுக்கு அது சொந்தக் கதை. சில வாரங்களிலேயே நாடகத்துக்குத் தடை வந்தது. டிசம்பர் இறுதியில் கூகி கைதானார். விசாரணையே இல்லாமல் ஓராண்டு கமிட்டி சிறையில் கிடந்தார்.

இனிப் புனைகதையைக் கிகூயுவில்தான் எழுதுவது என்று அங்கே முடிவெடுத்தார். தாள் கிடைக்காததால் கழிவறைக் காகிதத்தில் ஒரு நாவலை எழுதி முடித்தார். கைதிகளை வாட்டவென்றே கொடுக்கப்பட்ட அந்த முரட்டுக் காகிதம் பேனாவுக்குத் தோதாக இருந்ததாம். 1980-இல் அச்சான அந்நாவலை மதுக்கடைகளில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கூடிக் கேட்டார்கள். தமிழில் அது 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்ற பெயரில் கிடைக்கிறது.

1982-இல் கமிரீத்து அரங்கைப் போலீசார் இடித்துத் தரைமட்டமாக்கினர். அவ்வாண்டு வெளிநாடு சென்றிருந்த கூகி நாடு திரும்ப முடியாமல் போயிற்று. ஏன் தாய்மொழியில் எழுத வேண்டும் என்பதை விளக்கும் 'டீகாலனைசிங் த மைண்ட்' கட்டுரை நூல் 1986-இல் வந்தது. அவ்வாண்டே வந்த 'மதிகாரி' நாவலின் நாயகன் நீதி எங்கே என்று கேட்டுக்கொண்டு ஊர் ஊராக அலைபவன். மதிகாரி என்று ஒருவன் நாட்டில் சுற்றுவதாகக் கேள்விப்பட்ட அரசு, அவனைப் பிடிக்க உத்தரவிட்டது. அவன் கதைப் பாத்திரம் என்று தெரிந்ததும், கடைகளிலிருந்த புத்தகங்களைப் போலீசார் அள்ளிச் சென்றனர்.

கூகி 2025 மே 28-இல் அமெரிக்காவில் காலமானார்.