இணைப்பவரின் இருக்கை

பெரிய கருத்தரங்க மண்டபங்களின் பின்னறையில், வாசகர் கண்ணில் படாத இடத்தில், மேட்ரிக்ஸ் ஸ்விட்சர் என்றொரு பெட்டி இருக்கும். எட்டு உள்ளீடு, எட்டு வெளியீடு என்றால் அதனுள்ளே 64 சந்திப்புகள். எந்தக் காமிராவின் படம் எந்தத் திரைக்கு, எந்த ஒலிவாங்கியின் குரல் எந்த ஒலிபெருக்கிக்கு என்பது அங்கேதான் முடிவாகிறது. அப்பெட்டிக்கு முன்னால் ஆள் அமர்ந்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் எக்ஸ்ட்ரான் நிறுவனத்துப் பெட்டியாயின், டெல்நெட் வழியே தொடர்பு கொண்டு 2*3! என்று தட்டினால் போதும். இரண்டாம் உள்ளீடு மூன்றாம் வெளியீட்டைச் சேரும். ஆச்சரியக்குறிக்குப் பதில் % இட்டால் படம் மட்டும், $ இட்டால் ஒலி மட்டும் மாறும். நூற்பா செய்தோர் கண்டால் மெச்சியிருப்பார்கள்.

இதன் மூதாதையைத் தேடினால் ஒரு சவ அடக்கத் தொழிலாளரிடம் போய் நிற்கிறோம். கான்சாஸ் நகரத்து ஆல்மன் ஸ்ட்ரௌஜர். அவருடைய போட்டியாளரின் மனைவி தொலைபேசி நிலையத்தில் இணைப்பாளராக இருந்து, தமக்கு வரவேண்டிய அழைப்புகளைத் தம் கணவருக்குத் திருப்பிவிட்டார் என்றொரு கதை வழங்கி வருகிறது. கதை எவ்வாறாயினும், இணைப்பவரை நடுவிலிருந்து அகற்றும் பொறிக்கு ஸ்ட்ரௌஜர் 1891இல் காப்புரிமை பெற்றார். 1892இல் இண்டியானாவின் லா போர்ட் நகரில் அப்பொறியைக் கொண்ட நிலையம் திறக்கப்பட்டது. அழைப்பவர் பொத்தானை எண்ணுக்கேற்பப் பலமுறை அழுத்துவார். கம்பியில் செல்லும் துடிப்புகள் எங்கோ இருக்கும் விசையை நகர்த்தும். தொலைவிலிருந்து எண்களால் ஆணையிட்டு இணைப்பை மாற்றும் வழக்கம் அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது.

டெல்நெட் பிறந்தது வேறொரு குடும்பத்தில். அர்ப்பாநெட்டின் முதல் தொடர்பு 1969 அக்டோபர் 29இல் நிகழ்ந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பே யூட்டா பல்கலைக்கழகத்து ஸ்டீபன் கார் எழுதிய குறிப்பொன்றில் இப்பெயர் வந்துவிட்டது. 1983இல் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் அதற்கு இறுதி வடிவம் தந்தனர். இரு முனைகளிலும் ஒரு விசைப்பலகையும் ஓர் அச்சுப்பொறியும் இருப்பதாக அவ்விதிமுறை கற்பித்துக்கொள்கிறது. தட்டச்சு வண்டியை இடப்புறம் இழுக்க ஒரு குறி, தாளை மேலேற்ற ஒரு குறி. வண்டியும் தாளும் மறைந்த பின்பும், ஸ்விட்சர் தரும் ஒவ்வொரு மறுமொழியின் முடிவிலும் அவ்விரு குறிகளும் வந்துகொண்டிருக்கின்றன.

அக்குடும்பத்தில் ஒருவரையொருவர் ஐயுறும் வழக்கம் இல்லை. டெல்நெட்டில் கடவுச்சொல்லும் மறைப்பின்றியே பயணம் செய்யும். 1995இல் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் யாரோ கடவுச்சொற்களைக் களவாடியதைக் கண்ட டாட்டு யூலோனன், எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் எஸ்.எஸ்.ஹெச். முறையை எழுதினார். கணினிகள் பெரும்பாலும் அதற்கு மாறிவிட்டன. பின்னறைப் பெட்டிகளோ, சுவரில் பதித்த குழாயைப் போல ஒருமுறை பொருத்தினால் பல்லாண்டு அப்படியே கிடப்பவை. கடவுச்சொல்லே இடப்படாமல், 23ஆம் வாயிலைத் திறந்து வைத்திருப்பவை அவற்றில் உண்டு.

ஸ்ட்ரௌஜர் காலியாக்கிய இருக்கை அங்கே யார் வேண்டுமானாலும் வந்தமரக் கிடக்கிறது. கட்டடத்தின் வலைக்குள் நுழைந்த ஒருவர் $ குறியில் முடியும் நான்கே எழுத்துகளைத் தட்டினால், மேடையில் பேசுபவரின் முகம் திரையில் அப்படியே இருக்கும். ஒலிபெருக்கியில் வருவது வேறொருவர் குரலாக இருக்கும்.