மிதக்கும் ஈயின் சரித்திரம்

ஆங்கில இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவர்களுக்கு ஐசக் வால்டன் ஒரு உரைநடைக்காரர், அவ்வளவுதான். 1653இல் வெளிவந்த அவருடைய 'தி கம்ப்ளீட் ஆங்லர்' தூண்டில் போடுவதைப் பற்றிய புத்தகம் என்பது பரீட்சைக்கு வேண்டாத தகவல். அந்த வேண்டாத தகவலைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஹாம்ப்ஷயரின் சுண்ணாம்பு ஓடைகள் வழியாக நீலகிரிக்கும் மூணாறுக்கும் வந்து, கடைசியில் நம் தோவாளை மலைக் காட்டில் கூவும் ஒரு பறவையிடம் போய் நிற்க நேர்கிறது.

விஷயம் இது. தூண்டில் முள்ளில் இரை வைக்காமல், இறகும் பட்டுநூலும் சுற்றி ஒரு பொய்ப்பூச்சியைக் கட்டி டிரவுட் மீனை ஏமாற்றுவது. ஆங்கிலத்தில் இந்தப் பொய்ப்பூச்சிக்கு 'ஃப்ளை' என்றே பெயர். நீருக்குள் அமிழ்ந்து போவது 'வெட் ஃப்ளை'. மேலே மிதப்பது 'ட்ரை ஃப்ளை'. இதை 'உலர் ஈ' என்று மொழிபெயர்த்தால் கருவாட்டு வாடை அடிக்கிறது. 'மிதக்கும் ஈ' என்றே வைத்துக்கொள்கிறேன்.

நம் குளத்துத் தூண்டிலுக்கு இந்தச் சிந்தனை அந்நியமானது. கெண்டைக்கு மண்புழு, விராலுக்குத் தவளை. மனுஷனைப் பொய்யால் ஏமாற்றலாம், மீனை நிஜத்தால்தான் ஏமாற்ற முடியும் என்பது நாஞ்சில் நாட்டுச் சித்தாந்தம். கடற்கரையில் அப்படி இல்லை. வரிசையாகக் கட்டிய முட்களில் பளபளக்கும் இழைகளைச் சுற்றி இறக்கி மீனை இழுப்பவர்கள் இந்தக் கரையில் உண்டு. ஆனால் அது நீருக்குள் ஆடும் பொய். நீரின் மேல் உட்காரும் பொய்க்கு வேறு இலக்கணம்.

உட்காரும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். மரக்கட்டை மிதப்பது போல இந்த ஈ மிதப்பதில்லை. முள் எஃகு. தனியே போட்டால் நேராக அடிக்குப் போகும். நீரின் மேற்பரப்பில் இழுபட்டு நிற்கும் ஒரு மெல்லிய தோல் இருக்கிறது. குளத்தில் நீர்ப்பூச்சிகள் ஓடுவது அதன்மேல்தான். முள்ளைச் சுற்றிச் சேவலின் கழுத்திறகைச் சுற்றினால் அதன் இழைகள் நாற்புறமும் விறைத்து நிற்கும். ஒவ்வொரு இழை நுனியும் நீரின் தோலை லேசாக அமுக்குமே தவிரக் கிழிக்காது. பாரம் நூறு கால்களுக்குப் பகிர்ந்து போகிறது. கோழி இறகு ஆகாது, சேவல் இறகுதான் வேண்டும் என்பதற்குக் காரணமும் இதுவே. கோழியின் இறகு மிருது, நீரைக் குடிக்கும். சேவலின் கழுத்திறகு விறைப்பு, பளபளப்பு. நம் வீடுகளில் சேவலை அறுத்ததும் முதலில் குப்பைக்குப் போகும் பகுதி.

இந்த ஞானம் புதிதல்ல. கி.பி. 200ஐ ஒட்டி எழுதிய ஈலியன் என்ற ரோமானியர், மாசிடோனியாவில் ஒரு ஆற்றங்கரைக்காரர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இரண்டு இறகுகளைக் கட்டி மீன் பிடித்ததைக் குறித்துவைத்திருக்கிறார். அதற்குப் பிறகு இங்கிலாந்தில் 1496இல் அச்சான தூண்டில் நூல், பிறகு வால்டன், 1676இல் வால்டனுக்குப் பின்னிணைப்பு எழுதிய சார்ல்ஸ் காட்டன் என்று பரம்பரை நீள்கிறது. அவர்களுடைய ஈக்கள் மிதந்தால் மிதந்தன, அமிழ்ந்தால் அமிழ்ந்தன. அதை ஒரு கொள்கையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நனைந்த ஈயைக் காற்றில் முன்னும் பின்னும் வீசி உலர்த்தி, மீன் தலைகாட்டிய இடத்துக்குச் சற்று மேலே இறக்கி மிதக்கவிடும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான் எழுத்தில் வருகிறது.

அதை மதமாக்கியவர் ஃபிரடெரிக் ஹால்ஃபோர்ட். 1886இல் அவருடைய 'ஃப்ளோட்டிங் ஃப்ளைஸ் அண்ட் ஹவ் டு ட்ரெஸ் தெம்' வந்தது. கையால் வண்ணம் தீட்டிய தொண்ணூறு ஈக்களின் படங்கள். ஓடையில் அன்றைக்குப் பறக்கும் பூச்சி எதுவோ அதன் துல்லியமான நகலே கட்டப்பட வேண்டும். அதை மேல்நோக்கி மட்டுமே வீச வேண்டும். மேலே வந்து தின்னும் மீனுக்கு மட்டுமே வீச வேண்டும். 1910இல் தொண்ணூறை முப்பத்துமூன்றாகக் குறைத்தார். குறைத்தாரே தவிரத் தளரவில்லை. ஒரே பூச்சியில் ஆணுக்கு ஒரு ஈ, பெண்ணுக்கு வேறு ஈ. யதார்த்தவாதத்தை இந்த அளவுக்குக் கொண்டுபோனவர்கள் நாவலில்கூடக் குறைவு.

அதே 1910இல் ஜி.ஈ.எம். ஸ்கூஸ் என்ற வக்கீல் 'மைனர் டாக்டிக்ஸ் ஆஃப் தி சாக் ஸ்ட்ரீம்' எழுதினார். மீன் தின்பதில் பெரும்பகுதி மேற்பரப்புக்குக் கீழே, இன்னும் சிறகு விரியாத பூச்சிகளை. அதையும் கட்டலாம், அதுவும் கலைதான் என்பது அவர் கட்சி. சீடர்கள் விடவில்லை. 1938இல் லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் இதை வைத்து ஒரு விசாரணையே நடந்தது. ஸ்கூஸுக்கு அப்போது எழுபத்தொன்பது வயது. ஹால்ஃபோர்ட் செத்து இருபத்துநாலு வருஷம் ஆகியிருந்தது. மூலவர் போன பிறகு சீடர்கள் கடுமையாவது இலக்கியத்தில் மட்டும் நடப்பதில்லை போலிருக்கிறது.

இந்தத் தகராறில் எனக்குத் தொழில்முறையில் ஒரு அபிப்பிராயம் உண்டு. வங்கியில் காசோலைக் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுவது என் வேலைகளில் ஒன்று. மாதிரியோடு இழைக்கு இழை ஒத்துப்போகிற கையெழுத்தைத்தான் நாங்கள் இரண்டாம் முறை பார்ப்போம். நிஜமான ஆள் ஒரே மாதிரி இரண்டு முறை போடமாட்டான். அவனுடைய வேகமும் அழுத்தமும்தான் அவன். மீனும் கீழேயிருந்து பார்ப்பது ஏறக்குறைய இதைத்தான். நீரின் தோலில் கால்கள் பதிந்த பள்ளங்கள், ஒளியின் சிதறல், அளவு, மிதந்து வரும் வேகம். சிறகின் நரம்பை எண்ணி மீன் கையெழுத்துச் சரிபார்ப்பதில்லை. ஹால்ஃபோர்ட் மீனுக்குக் கட்டவில்லை, புத்தகத்தின் வண்ணப்படத்துக்குக் கட்டினார் என்பது என் தீர்மானம்.

அமெரிக்காவின் தியோடர் கார்டன் இதை வேறு வழியில் கண்டுகொண்டவர். கடிதம் எழுதிக் கேட்டு, 1890இல் ஹால்ஃபோர்டிடமிருந்தே ஈக்களை வாங்கிக்கொண்டார். இங்கிலாந்தின் அமைதியான ஓடைக்கென்று கட்டிய ஈ காட்ஸ்கில் மலையின் துள்ளும் நீரில் நிற்கவில்லை. அந்த ஊர்ப் பூச்சி மாதிரியும் இல்லை. கார்டன் விறைப்பான இறகைத் தேடி, தன் ஊர்ப் பூச்சியைப் பார்த்து, வேறு ஈ கட்டினார். வந்ததைத் திருப்பி அனுப்பவுமில்லை, பூஜை அறையில் வைக்கவுமில்லை. எலியட்டை வாங்கி என்ன செய்தோம் என்று யோசிக்கிற நமக்கு இந்த மனிதர் கொஞ்சம் உபயோகமானவர்.

நம் மலைகளுக்கு வந்த கதை இப்படிச் சுவாரஸ்யமானதல்ல. 1860களில் சென்னைப் படையின் மருத்துவரும் பின்னாளில் இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலை எழுதியவருமான ஃபிரான்சிஸ் டே, நீலகிரிக்கு டிரவுட் கொண்டுவர முயன்று தோற்றார். கப்பலில் வெயிலைத் தாண்டி முட்டை உயிரோடு வரவேண்டுமே. 1880களில் இலங்கையின் நுவரெலியா ஓடைகளில் டிரவுட் பிடித்துக்கொண்டது. 1900இல் காஷ்மீருக்கு வந்தது. நீலகிரியில் வானவில் டிரவுட் நிலைபெற்றது எச்.சி. வில்சன் காலத்தில்; அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது 1907இல். கலிபோர்னியா பக்கத்து மீன், ஆங்கிலேயர் பொழுதுபோக்கு, நீலகிரித் தண்ணீர். அதற்குமுன் 1879இலேயே நீலகிரி வேட்டை மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்தது. லைசென்ஸ் இல்லாமல் தொடக்கூடாது என்று விலங்குக்கும் மீனுக்கும் சேர்த்து ஒரே சட்டம். மீன் வந்தது, சட்டம் வந்தது, ஈயும் பெட்டியில் வந்தது. கட்டும் கலை மட்டும் தமிழுக்குள் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் ஒரு சொல்லாவது மிஞ்சியிருக்கும்.

மூணாறிலும் தேயிலைத் துரைமார் டிரவுட் வளர்த்தார்கள்; ராஜமலையில் பொரிப்பகம். அது திருவிதாங்கூர் மகாராஜாவின் மண். அந்த மீனும் நாமும் ஒரே ராஜாவின் பிரஜைகள் என்பதை இப்போது யாரும் நினைப்பதில்லை. நேசமணியும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் தேவிகுளம், பீர்மேட்டையும் சேர்த்துத்தான் கேட்டார்கள். 1956 நவம்பர் 1இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று நம் தாலுகாக்கள் இந்தப் பக்கம் வந்தன. தேவிகுளம் அந்தப் பக்கமே நின்றது. டிரவுட் கேரளாவுக்குப் போயிற்று. பேச்சிப்பாறையில் அதற்கு வேண்டிய குளிர் கிடையாது.

குளிர் என்றதும் பனிக்காலத்து ஈ. நீர் உறைநிலையை நெருங்கும்போது மீன் மந்தமாகிவிடும், பெரிய பூச்சிகள் இருக்காது. மத்தியானத்தில் வெயில் சற்று உறைக்கும் நேரத்தில், கொசு போன்ற ஆனால் கடிக்காத பொடிப்பூச்சிகள் கொத்துக்கொத்தாக நீரின் மேல் திரளும். மீன் அதற்கு மட்டும் மேலே வரும். (நீலகிரியில் அந்த மாதங்கள் டிரவுட்டின் இனப்பெருக்க காலம். நியாயமாகப் பார்த்தால் தூண்டிலை வீட்டில் வைக்கவேண்டிய காலம்.) அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு ஈ: கிரிஃபித்ஸ் நாட். 1959இல் டிரவுட் அன்லிமிடெட் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜார்ஜ் கிரிஃபித்தின் பெயர்.

கட்டுவது எளிது. நெல்மணியைவிடச் சிறிய முள்ளை இடுக்கியில் கவ்வவைத்து, நூலைப் பின்பக்கம் வரை சுற்றிக்கொண்டு போய், அங்கே கறுப்பு வெள்ளை வரியோடிய ஒரு சேவல் கழுத்திறகின் முனையையும் மயில் தோகையின் இரண்டொரு இழைகளையும் கட்டவேண்டும். முதலில் மயிலிழையை முன்னோக்கி நெருக்கிச் சுற்றினால் உடல் ஆயிற்று. அதன்மேல் இறகை இடைவெளி விட்டுச் சுருளாகச் சுற்றி, முள்ளின் கண்ணருகே நூலால் முடிச்சு. மற்ற ஈக்களில் இறகு தலைப்பக்கம் மட்டும் நிற்கும். இதில் உடல் முழுக்க நிற்பதால் எங்கே சாய்ந்தாலும் தாங்கும். ஒரு மீன் கவ்வியபின் அதன் கோழையில் ஊறி அமிழப் பார்க்கும். கழுவி, துணியில் ஒற்றி, ஊதி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்காத் தூளில் புரட்டவேண்டும். இது எந்தப் பூச்சியின் நகலும் அல்ல. பூச்சிக் கூட்டம் என்ற தோற்றத்தின் நகல். ஹால்ஃபோர்ட் பார்த்தால் முகம் சுளித்திருப்பார்.

சேவலும் மயிலும். வேளிமலைக் குமாரகோவிலில் கொடியில் ஒன்றும் வாகனமாக ஒன்றும் நிற்பவை. முருகனின் பரிவாரத்தை நெல்மணிக்குள் கட்டி மிச்சிகனில் மிதக்கவிடுகிறார்கள் என்று சொன்னால் நம் பண்டிதர்கள் புல்லரித்து ஒரு கட்டுரை எழுதிவிடுவார்கள். எனக்கு அந்தப் புல்லரிப்பு வேண்டாம். சரக்கு எப்படிப் போயிற்று என்பதுதான் கேள்வி.

முதலில் போனது கானக்கோழி. தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் நிறக் கோழி, விஞ்ஞானப் பெயரில் பிரெஞ்சுக்காரர் சொன்னராவின் பெயரைச் சுமப்பது. அதன் சேவலின் கழுத்திறகு ஒவ்வொன்றின் நுனியிலும் இழைகள் ஒட்டிக்கொண்டு மெழுகு வார்த்தது போன்ற ஒரு பொட்டு. அதில் தண்ணீர் ஒட்டாது. குறுந்தொகை 242இல், முல்லை நிலத்துச் சிற்றூரைச் சொல்லவந்த செவிலி, முதலில் சொல்வது இந்தச் சேவலைத்தான்: அதன் குரலை, கழுத்தின் ஒளிப்புள்ளிகளை, அவற்றின்மேல் விழும் குளிர்ந்த மழைத்துளியை. குழற்றத்தனார் பார்த்த அதே பொட்டை விக்டோரியா காலத்து ஆங்கிலேயர் சால்மன் ஈக்களின் பக்கவாட்டில் கண்ணாக ஒட்டினார்கள். ஜாக் ஸ்காட் என்ற பிரசித்தமான ஈ ஒரு உதாரணம். 1902இல் காட்டுப் பறவை இறகு ஏற்றுமதிக்கு இந்திய அரசு தடை போட்டது. 1921இல் இங்கிலாந்து இறக்குமதித் தடைச் சட்டம் போட்டது. இருந்தும் 1960கள் வரை தூண்டில் கடைகளில் கானக்கோழிக் கழுத்து கிடைத்தது. 1972இன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகுதான் பறவைக்குக் கொஞ்சம் மூச்சு. இப்போது இங்கிலாந்திலேயே பண்ணையில் வளர்த்து விற்கிறார்கள்.

மிதக்கும் ஈக்கு வேண்டியது இந்தப் பொட்டு அல்ல, விறைப்பு. அதற்கு நாட்டுச் சேவலின் கழுத்துத்தோல் இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் போய்க்கொண்டிருந்தது. 'இண்டியன் நெக்' என்றால் மலிவுச் சரக்கு என்று அர்த்தம். கறிக்கு அறுத்த சேவலின் கழிவு என்பதால் மலிவு. இழை குட்டை, ஒரு ஈக்கு இரண்டு இறகு வேண்டும் என்று குறை வேறு சொல்வார்கள். பிறகு அமெரிக்காவில் மெட்ஸ், ஹாஃப்மன் போன்றவர்கள் இறகுக்காகவே சேவல் வளர்க்கத் தொடங்கினார்கள். ஒரே இறகில் பல ஈ கட்டலாம், அவ்வளவு நீளம். நம் கழுத்துக்கு அங்கே மவுசு குறைந்தது. எந்த ஈயின் பெயரிலும் நம் ஊர் இல்லை. விலைப்பட்டியலில் மட்டும் இருந்தது, அதிலும் கடைசி வரியில்.

கிரிஃபித்ஸ் நாட்டுக்கு வேண்டிய கறுப்பு வெள்ளை வரி இறகுக்கு ஹாஃப்மன் எடுத்துக்கொண்ட ஜாதி பிளிமத் ராக். மஞ்சள் கால் கோழி. 2008இல் ஸ்வீடனின் உப்சாலாவில் மரபணுவை ஆராய்ந்தவர்கள், வீட்டுக் கோழியின் பிற குணங்கள் சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்து வந்தாலும், அந்த மஞ்சள் தோலுக்கான மரபணு மட்டும் சாம்பல் கானக்கோழியிடமிருந்து எப்போதோ கலந்தது என்று காட்டினார்கள். கீரிப்பாறைக் காட்டில் விடியற்காலையில் கூவுவது அந்தப் பறவைதான்.