லொக்டக் ஏரியும் மிதக்கும் வனமும்

இந்தியாவின் வடகிழக்கெல்லையிலே, மணிப்பூர்ப் பள்ளத்தாக்கின் தென்பாகத்தில் அமைந்துள்ளது லொக்டக் என்னும் நன்னீரேரி. இதன் அயலிலுள்ள மொய்ராங்கிலேயே 1944 ஏப்பிரல் 14இல் இந்திய தேசிய இராணுவத்தார் தங்கொடியை ஏற்றினர். மலாயாத் தமிழர் பலர் சேர்ந்திருந்த படை அதுவாகலின், இவ்விடம் தமிழர் வரலாற்றோடும் தொடர்புடையது.

புல், வேர், மட்கிய தாவரம், மண் ஆகியன செறிந்துண்டான பும்டி எனும் மிதவைத் திட்டுக்களே இவ்வேரியின் தனிச்சிறப்பு. சங்காய் என்னும் மான் இயற்கையில் வாழ்வது இத்திட்டுக்களின்மீதே. 1951இல் அஃது அற்றொழிந்ததெனக் கருதப்பட்டது; 1953இல் ஈ. பி. ஜீ என்னும் இயற்கை ஆய்வாளர் அது வாழ்ந்துவருதலைக் கண்டறிந்தார். 1975இல் எண்ணியபோது எஞ்சியிருந்தவை 14 மான்களே. அதன்பின், 1977இல், ஏரியின் தென்கிழக்கே ஏறத்தாழ 40 சதுரக் கிலோமீற்றர் பரப்புக் கெய்புல் லம்ஜாவோ தேசிய வனமாயிற்று.

எனினும், காவலெல்லை வகுத்ததனால் மட்டும் இடர் நீங்கிற்றில்லை. 105 மெகாவாற்று மின்னாக்கத்தின் பொருட்டு மணிப்பூர் ஆற்றின் குறுக்கே அமைந்த இத்தாய் அணை 1983இல் இயங்கத் தொடங்கிற்று. முன்னர்க் கோடையில் நீர்வற்ற, பும்டிகள் தரையிற் படிந்து மண்ணிலிருந்து ஊட்டம்பெற்று, மாரியில் மீண்டும் மிதந்தெழும். அணையோ நீரை ஆண்டு முழுவதும் உயர்த்தியே நிறுத்திற்று. தரைதொடாத பும்டிகள் மெலிந்தன. மானின் பாரத்தைத் தாங்கும் வலியையும் இழக்கலாயின. கரையோர வயல்கள் நீருள் மூழ்கின. இராவதியாற்றுத் தொகுதியிலிருந்து ஏறிவந்த மீன்களின் வழியும் அடைபட்டது.

1990இல் லொக்டக் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவமுடைய ஈரநிலமாயிற்று. 1993இலேயே இடருற்ற ஈரநிலங்களின் பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டது. 2006இல் ஏரியைக் காக்கச் சட்டம் பிறந்தது. ஆயின், 2011இல் அச்சட்டத்தின் பெயரால் எரிக்கப்பட்டவை பும்டிகளின்மேல் வாழ்ந்த ஏழை மீனவர்தம் குடிசைகள்.

மான்கள் 2016ஆம் ஆண்டுக் கணக்கில் 260 ஆகப் பெருகின. இது மகிழ்தற்குரியதே. ஆயினும், மானைக் காத்தல் வேறு, மான் நிற்கும் நிலத்தைக் காத்தல் வேறு. அந்நிலத்தின் ஆயுளை வரையறுப்பது வனத்தின் வேலியன்று, நீரின் ஏற்றவிறக்கமே. நாட்டுக்கு மின்சாரம் வேண்டுமென்பதை மறுப்பாரில்லை. அதன் விலையை மீனவனும் உழவனும் மானுமே செலுத்துதல் முறையோ என்பதே இவ்வேரியின் வரலாறு நம்மை வினவும் வினா. அணைக்கதவைத் திறக்குங் காலத்தை முடிவுசெய்கையில் அவர்தம் தேவையும் எண்ணப்படுமாயின், அதுவே தக்க விடையின் தொடக்கமாகும்.