அருள்தந்தை ஃபாரியாவும் சொல்லின் ஆற்றலும்

பச்சைமலை அடிவாரத்திலுள்ள அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்குப் பேர்பெற்ற ஊர். அவ்வூர்ச் சிற்பிகளின் கைவண்ணத்திற்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. மரத்தைச் செதுக்குவதைப் போல மனத்தையும் செதுக்கலாம், தன் மனத்தை மட்டுமன்று, பிறர் மனத்தையும் தாம் விரும்பிய வடிவில் செதுக்கலாம் என்று கூறும் பயிற்சி ஒன்று இன்று நம் இளைஞர்களை ஈர்த்து வருகிறது. 'நியூரோ லிங்விஸ்டிக் புரோகிராமிங்' என்பது அதன் பெயர், சுருக்கமாக என்.எல்.பி. என்பர். நரம்பு மொழி நிரலாக்கம் என்று தமிழாக்குவோரும் உண்டு. பெயரின் கனத்தைக் கண்டு மிரள வேண்டியதில்லை.

1970-களில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துச் சாந்தா குரூஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த ரிச்சர்டு பாண்ட்லரும், அங்கு மொழியியல் கற்பித்த ஜான் கிரிண்டரும் இதனைத் தொடங்கினர். மனநோய் தீர்ப்பதில் புகழ்பெற்றிருந்த பிரிட்ஸ் பெர்ல்ஸ், வர்ஜினியா சதீர், மில்ட்டன் எரிக்சன் ஆகிய மூவரின் பேச்சையும் நடையையும் கூர்ந்து ஆராய்ந்து, அவர்கள் வெற்றியின் இரகசியத்தை விதிகளாக்க முயன்றனர். 1975-இல் அவர்களது முதல் நூல் வெளிவந்தது. எதிரில் இருப்பவர் அமரும் பாங்கில் நாமும் அமர்வது, அவர் ஆளும் சொற்களையே நாமும் ஆள்வது, நல்லதொரு நினைவை ஒரு தொடுகையோடு பிணைத்து வேண்டும்போது மீட்பது, அச்சம் தரும் காட்சியை வேறொரு சட்டத்துக்குள் வைத்துப் பார்ப்பது என்பன இப்பயிற்சியின் சில கூறுகள்.

அம்மூவருள் எரிக்சன் அறிதுயில் மருத்துவர். அறிதுயில் என்னும் அத்துறையின் வேரைத் தேடிச் செல்வோமாயின், நம் நாட்டுக் கத்தோலிக்கக் குரு ஒருவரின் வாயிலில் போய் நிற்போம். அவரே கோவாவின் அருள்தந்தை ஜோசே குஸ்தோதியோ தெ ஃபாரியா.

1756-ஆம் ஆண்டு மே திங்களில், பார்தேஸ் வட்டாரத்துக் கண்டோலிம் ஊரில் ஃபாரியா பிறந்தார். குடும்ப வாழ்வு நிலைக்கவில்லை. மனமொத்துப் பிரிந்த பெற்றோருள் தந்தை குருவானார். தாய் புனித மோனிக்கா கன்னியர் மடத்தில் சேர்ந்தார். 1771-இல் தந்தையும் மகனும் லிஸ்பன் சென்றனர். உரோமையில் இறையியல் பயின்ற மகன் 1780-இல் குருத்துவம் பெற்றார். திருத்தந்தை ஆறாம் பயஸ் முன்னிலையில் மறையுரை ஆற்றும் பேறும் அவருக்கு வாய்த்தது.

அவரைப் பற்றிக் கோவா மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. போர்த்துக்கல் அரசியின் ஆலயத்தில் மறையுரை நிகழ்த்த ஏறிய இளங்குரு, திரண்டிருந்த பெருமக்களைக் கண்டதும் நாவெழாமல் நின்றுவிட்டாராம். அருகிலிருந்த தந்தை, 'இவர்களெல்லாரும் வெறும் கீரைக்கட்டு. அரிந்து தள்ளடா' என்று பொருள்படக் கொங்கணியில் மெல்லச் சொன்னாராம். அச்சம் பறந்தது, உரை மடைதிறந்தாற்போல் வந்தது. ஒரு சிறு சொல் ஒருவனை எப்படி மாற்றியது என்ற வியப்பே அவரைப் பிற்கால ஆராய்ச்சிக்கு இட்டுச் சென்றது என்பர். கதை எவ்வளவு மெய்யோ, காட்சியை மாற்றினால் அச்சம் மாறும் என்ற கருத்தைப் பயிற்சியாளர்கள் இன்று கட்டணம் பெற்றுக் கற்பிக்கிறார்கள். அந்தத் தந்தையோ சமையற்கட்டின் மொழியில் இலவசமாகவே கற்பித்துவிட்டார்!

1787-இல் கோவாவில் போர்த்துக்கீசிய ஆட்சிக்கு எதிராக எழுந்த பிண்ட்டோ சதியில் தந்தையும் மகனும் சம்பந்தப்பட்டவர்கள் என்ற ஐயம் எழுந்தது. மறு ஆண்டு ஃபாரியா பிரான்சுக்குப் போனார். அங்கே அவர் கண்டது புரட்சியை மட்டுமன்று. மெஸ்மர் என்ற மருத்துவர் பரப்பிய 'விலங்குக் காந்தம்' என்னும் கொள்கை பாரிசை ஆட்டிப் படைத்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பாய்பொருள் மருத்துவரின் கையிலிருந்து நோயாளிக்குப் பாய்கிறது என்பது அக்கொள்கை. 1784-இல் அரசர் அமைத்த குழுவில் பிராங்க்ளின், லவாசியே போன்ற அறிஞர் இருந்தனர். அப்படியொரு பொருளே இல்லை, எல்லாம் கற்பனையின் விளைவு என்று அக்குழு தீர்ப்பளித்தது. அத்துடன் அறிவுலகம் கதவைச் சாத்திக்கொண்டது.

ஃபாரியா அந்தக் கதவைத் திறந்தார். கற்பனையின் விளைவு என்றால், அந்த விளைவு எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். 1813-இல் பாரிசின் கிளிஷி வீதியில் பொதுமக்கள் முன் செய்முறை வகுப்புகளைத் தொடங்கினார். வந்தவரை நாற்காலியில் அமர்த்தி, மனத்தை ஒருமுகப்படுத்தச் சொல்லி, 'உறங்குக!' என்று அழுத்தமாகக் கட்டளையிடுவார். பலர் உறங்கினர், சிலர் உறங்கவில்லை. கட்டளையிட்டவரும் கட்டளையும் ஒன்றாயிருக்க விளைவு மட்டும் ஏன் வேறுபட்டது? வேறுபாடு கேட்பவரிடமே இருக்க வேண்டும். காந்தமும் இல்லை, வசியம் செய்பவரின் மனவலிமையும் இல்லை. உறங்குபவரின் மன ஒருமையே உறக்கத்திற்குக் காரணம் என்று அவர் முடிவு கண்டார். தமக்கு வழிகாட்டிய புய்செகூர் பிரபுவோ, வசியம் செய்பவரின் மனவுறுதியே முக்கியம் என்றவர். அவருக்கே காணிக்கையாக்கிய நூலில் அவர் கொள்கையை மறுத்து எழுதினார் ஃபாரியா. நன்றியையும் உண்மையையும் இப்படி ஒருங்கே காப்பது எளிதன்று.

அரும்பாவூர்ச் சிற்பியும் உளியை எடுக்குமுன் மரத்தின் இழையோட்டத்தைப் பார்க்கிறார் அல்லவா? மரத்தில் இல்லாத வலுவை உளி கொடுப்பதில்லை.

ஆனால் 'வல்லமை என்னுடையதன்று' என்று சொல்பவரை உலகம் அவ்வளவாக மதிப்பதில்லை. 1816-இல் அவரை எள்ளி நகையாடும் நாடகமொன்று பாரிஸ் மேடையேறியது. பத்திரிகைகள் ஏமாற்றுக்காரர் என்றன. குருக்கள் சிலர் பேயின் வேலை என்றனர். வகுப்புக்கு வருவோர் குறைந்தனர். கன்னியர் மடமொன்றில் ஆன்ம குருவாகப் பணியாற்றி, 1819 செப்டம்பரில் வறுமையில் மறைந்தார். 'தெளிதுயிலின் காரணம்' பற்றிய அவரது நூல் அந்த ஆண்டிலேயே வெளிவந்தது. கல்லறைக்கு அடையாளக் கல்கூட இல்லை. பின்னர் 1844-இல் தூமா எழுதத் தொடங்கிய 'மாண்டி கிறிஸ்டோ' நாவலில் சிறைக் கைதியாக வரும் குருவுக்கு அவர் பெயர் வாய்த்தது. கதையைப் படித்தவர் பல இலட்சம். மெய்யான மனிதரை அறிந்தவர் சிலரே.

காந்த வசியத்தின் பெயரால் நடந்த முறைகேடுகளைக் கண்டித்து 1856-இல் உரோமைத் திருஅலுவலகம் ஆயர்களுக்கு மடல் விடுத்தது. அச்சத்துக்குக் காரணமில்லாமலில்லை; பிறர் மனம் வசப்படும் இடத்தில் ஏமாற்றும் வந்து குடியேறும். ஆயினும் ஃபாரியாவின் கருத்து மடியவில்லை. நான்சி நகர மருத்துவர்களான லியேபோவும் பெர்ன்ஹைமும் கருத்தேற்றத்தின் ஆற்றலை நிலைநாட்டினர். எரிக்சனும் நோயாளியின் சொல்லையும் பிடிவாதத்தையுமே மருந்தாக்கியவர். பாண்ட்லரும் கிரிண்டரும் அவரிடம் கண்டது இந்தப் பொறுமையைத்தான். ஆனால் அது சந்தைக்கு வந்தபோது தலைகீழாயிற்று. கேட்பவரின் ஆற்றலாயிருந்தது, பேசுபவர் வாங்கிக்கொள்ளும் கருவியாயிற்று. பத்து நாளில் எவரையும் இணங்க வைக்கலாம் என்ற விளம்பரம் மெஸ்மரின் பாய்பொருளை வேறு பெயரில் விற்பதே என்பது நம் எண்ணம்.

ஆய்வுகளும் அவ்விளம்பரத்துக்குக் கைகொடுக்கவில்லை. அமெரிக்கத் தேசிய ஆய்வுக் கழகம் 1988-இல் வெளியிட்ட அறிக்கை, இம்முறை பிறரை இணங்கச் செய்யும் கருவியாகப் பயன்படுவதற்குப் போதிய சான்று இல்லை என்றது. கண் ஓடும் திசையைக் கொண்டு பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்ற கூற்றை 2012-இல் சோதித்தபோது அதுவும் பொய்த்தது. அதனால் இப்பயிற்சியில் ஒன்றுமே இல்லை என்று ஒதுக்குவதும் நேர்மையன்று. பிறர் மொழியில் பேசுவதன் பயனை நம் மண் முன்பே கண்டிருக்கிறது. கொள்ளிடக் கரையில், அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர், உடையிலும் உணவிலும் மொழியிலும் தமிழராகவே மாறினார். இதனைப் 'பிரதிபலிப்பு உத்தி' என்று இன்றைய பயிற்சியாளர் பெயரிடக்கூடும். ஆனால் அரைமணி நேரப் பாவனைக்கும் முப்பதாண்டு வாழ்வுக்கும் இடையே தூரம் அதிகம். பிறருக்கு மறையை எடுத்துரைக்கும் வேதியர்களுக்காக அவர் எழுதிய உரைநடை நூலுக்கு 'வேதியர் ஒழுக்கம்' என்று பெயரிட்டார். பேச்சுத் திறனைப் பெயரில் வைக்கவில்லை. அதே முனிவர் தரங்கம்பாடி லுத்தரன் சபையாரை மறுத்து எழுதியபோது இனிமையைக் கைவிட்டதும் உண்டு. சீறிய சொல்லால் இணங்கியவர் எத்தனை பேரோ!

பனாஜி நகரில், பழைய தலைமைச் செயலகத்தின் அருகே, ஃபாரியாவுக்கு 1945-இல் எழுப்பிய வெண்கலச் சிலை நிற்கிறது. சாய்ந்து விழும் பெண்ணொருத்தியின் மேல் இரு கைகளையும் நீட்டியபடி அவர் நிற்கிறார். அவ்விரல்களிலிருந்து ஏதோ பாய்கிறது என்றே பார்ப்பவர் எண்ணுவர். அப்படி எதுவும் பாய்வதில்லை என்று நிறுவவே அவர் தம் கடைசி ஆண்டுகளைச் செலவிட்டார்.