கல்வி மேலாண்மையும் தலைமைத்துவமும்: மதுரை வட்டாரத்தில் முதுகலைப் படிப்பு

பள்ளி, கல்லூரி, கல்வி அலுவலகம் ஆகியவற்றை நடத்தும் முறையை ஆராயும் முதுகலைத் துறை கல்வி மேலாண்மை. ஆசிரியர் பணியமர்த்தம், கால அட்டவணை, வரவு செலவு, சட்டம், பெற்றோரோடு உறவு, வகுப்பறைக் கற்பித்தலைச் சீர்செய்தல் எல்லாம் இதில் அடங்கும். இந்தியாவில் இது பெரும்பாலும் எம்.எட். படிப்பின் சிறப்புப் பாடமாகவும், முதுகலைப் பட்டயமாகவும், எம்.பி.ஏ.வின் ஒரு கிளையாகவும் கற்பிக்கப்படுகிறது. மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஆசிரியர் கல்லூரிகளுக்கு முக்கால் நூற்றாண்டு வரலாறு உண்டு. ஆனால் இங்கே ஒருவர் தலைமையாசிரியர் நாற்காலியில் அமர இந்தப் படிப்பு இன்றும் தேவைப்படுவதில்லை.

பட்டத்துக்கு முன்பே பள்ளி நிர்வாகம்

பள்ளியை நடத்துவது ஒரு தனி வேலை என்பதை இந்த வட்டாரம் பட்டப்படிப்புகள் வருவதற்கு வெகு முன்பே அறிந்திருந்தது. 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் ஊர் ஊராகப் பள்ளி வைத்தது. திருமங்கலத்தில் 1842இல் அது தொடங்கிய பயிற்சிப் பள்ளி 1845இல் பசுமலைக்கு மாறியது. இன்றைய அமெரிக்கன் கல்லூரியின் வேர் அங்கே இருக்கிறது.

தெற்கே விருதுநகரில் நாடார் சமூகத்தார் 1889இல் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். வீட்டுக்கு வீடு பிடி அரிசி திரட்டி நடத்திய பள்ளி அது; காமராசர் படித்ததும் அங்கேதான். ஒவ்வொரு வீட்டிலும் உலையில் இடும் முன் ஒரு கைப்பிடி எடுத்து வைப்பதும், அதைச் சேர்த்து விற்றுச் சம்பளம் கொடுப்பதும் கணக்கு, நம்பிக்கை, பொறுப்பு மூன்றும் கலந்த நிர்வாகம். இன்றைய பாடநூல்கள் ‘சமூகப் பங்கேற்பு’ என்ற தலைப்பில் விளக்குவதற்கு உள்ளூரிலேயே கிடைக்கும் முதல்தரச் சான்று இது.

இத்தகைய பள்ளிகளில் பணத்துக்கும் பணியமர்த்தத்துக்கும் தாளாளர், பாடத்துக்கும் ஒழுங்குக்கும் தலைமையாசிரியர் என்ற பிரிவினை நிலைத்தது. சம்பளத்தை அரசு மானியமாகக் கொடுக்க, நிர்வாகம் தனியார் கையில் இருக்கும் உதவிபெறும் பள்ளிகளில் அந்தப் பிரிவினை இன்றும் தொடர்கிறது. 1973ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் இப்பள்ளிகளுக்குப் பள்ளிக் குழு என்ற அமைப்பை வகுத்தது.

கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும்

ஆலை அதிபர் கருமுத்து தியாகராசர் 1949இல் மதுரைத் தெப்பக்குளம் பகுதியில் கலைக் கல்லூரியோடு ஆசிரியர் கல்லூரி ஒன்றையும் தொடங்கினார். தியாகராசர் பிரசெப்டர்ஸ் கல்லூரி என்று அறியப்படும் அது பி.எட்., எம்.எட். பட்டங்களோடு ஆய்வுப் படிப்பும் வழங்கிவந்துள்ளது. அடுத்த ஆண்டே காரைக்குடியில் அழகப்பச் செட்டியாரின் பயிற்சிக் கல்லூரி பிறந்தது. 1985இல் உருவான அழகப்பா பல்கலைக்கழகம் கல்வியியலை முக்கியத் துறையாக வைத்துக்கொண்டதோடு, தொலைநிலைக் கல்வியில் கல்வி மேலாண்மையைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட எம்.பி.ஏ. பட்டத்தையும் வழங்கியது.

சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. முதல் துணைவேந்தர் தமிழறிஞர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார். 1971இல் அது தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி, பணியில் இருந்துகொண்டே மேற்படிப்பு படிக்கும் வாய்ப்பை ஆசிரியர்களுக்குத் திறந்தது. 1978இல் காமராசர் பெயரைப் பெற்ற அந்தப் பல்கலைக்கழகத்தில் கல்வியியலுக்குத் தனிப் புலம் உள்ளது. கல்வியியல் கல்லூரிகளை இணைக்கும் பொறுப்பு 2008 முதல் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது.

மதுரை–திண்டுக்கல் சாலையில் உள்ள காந்திகிராமம் வேறொரு மரபைச் சேர்ந்தது. டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் நிறுவிய அந்த இடம் 1956இல் கிராமியக் கல்வி நிறுவனமாகவும், 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. காந்தியின் ஆதாரக் கல்வி வழியில், பள்ளித் தலைவர் ஊர்ப் பணியிலும் முன்நிற்க வேண்டியவர் என்ற பார்வை அங்கே வேரூன்றியது.

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு மதுரையில் மண்டல மையம் உண்டு. அதன் பாடங்களுள் கல்வி மேலாண்மை, நிர்வாகம் குறித்த முதுகலைப் பட்டயமும் ஒன்று.

என்ன படிக்கிறார்கள்?

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் எம்.எட். படிப்பை ஓராண்டிலிருந்து இரண்டு ஆண்டுகளாக உயர்த்தின. தத்துவம், உளவியல், சமூகவியல், ஆய்வுமுறை ஆகியவை அனைவருக்கும் பொது. அதன்மேல் தொடக்கக் கல்வி அல்லது இடைநிலைக் கல்வியில் ஒருவர் சிறப்பு நிலை எடுக்கிறார். கல்வி மேலாண்மையும் நிர்வாகமும் அதற்குள் வரும் பிரிவுகளில் ஒன்று. களப்பயிற்சியும் ஆய்வேடும் கட்டாயம்.

இத்துறையின் கோட்பாடுகளில் முதல் தலைமுறை தொழிற்சாலை மேலாண்மையிலிருந்து வந்தது: திட்டமிடு, பகிர்ந்தளி, கண்காணி. 1980களில் கவனம் வகுப்பறைக்குத் திரும்பியது. பிலிப் ஹாலிங்கர் போன்றோர், தலைமையாசிரியரின் முதல் கடமை கற்பித்தலை வழிநடத்துவதே என்று வாதிட்டார்கள். கென்னத் லீத்வுட் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, மாணவர் கற்றலைப் பாதிக்கும் பள்ளிசார் காரணிகளில் வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்த இடம் தலைமைக்கு உண்டு என்றது.

டெல்லி, கொழும்பு, சிங்கப்பூர்

கல்வி நிர்வாகிகளுக்கு ஒரு தேசியப் பயிற்சிக் கல்லூரி வேண்டும் என்று கோத்தாரி ஆணையம் (1964–66) பரிந்துரைத்தது. யுனெஸ்கோ துணையோடு 1962இல் டெல்லியில் தொடங்கிய ஆசிய மையமே பின்னர் அந்தக் கல்லூரியாகி, 1979இல் நீப்பா எனப்படும் தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனம் ஆயிற்று. 2006இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. மாவட்டக் கல்வி அலுவலர்களுக்கு அது முதுகலைப் பட்டயப் படிப்பு நடத்திவந்துள்ளது.

இலங்கையில் அதிபர் சேவை, கல்வி நிர்வாக சேவை என்று தனித்தனிச் சேவைகளே இருக்கின்றன. சிங்கப்பூரில் துணை முதல்வர்களைத் தேர்ந்தெடுத்து, பள்ளியிலிருந்து விடுவித்து, ஆறு மாதம் முழுநேரமாகப் படிக்கவைக்கும் திட்டம் 2001இல் தொடங்கியது. இரண்டு நாடுகளிலும் பள்ளித் தலைமை தனித் தொழிலாக மதிக்கப்படுகிறது.

பணிமூப்பும் படிப்பும்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் வழி வேறு. பட்டதாரி ஆசிரியர் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராகவும், முதுகலை ஆசிரியர் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராகவும் உயர்வது அடிப்படையில் பணிமூப்பால். இடையில் அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் துறைத் தேர்வுகளை எழுத வேண்டும்: கணக்குத் தேர்வும், ஆசிரியர்கள் டி.ஐ. தேர்வு என்று சொல்லும் துணை ஆய்வாளர் தேர்வும் அவற்றுள் முக்கியமானவை. விதிமுறையும் பதிவேடும் இத்தேர்வுகளில் வந்துவிடுகின்றன. புதிதாகச் சேர்ந்த ஆசிரியரின் வகுப்பில் அமர்ந்து பார்த்து அவருக்கு உதவுவது எப்படி என்பது வருவதில்லை.

எம்.எட். முடித்த ஆசிரியருக்கு ஊக்க ஊதிய உயர்வு கிடைத்துவந்தது. பலரை அந்தப் படிப்பின் பக்கம் இழுத்ததும் அதுதான். 2020இல் அரசு அந்த நடைமுறையை நிறுத்தியது.

இதற்கிடையில் தலைமையாசிரியரின் பொறுப்பு வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. 1978இல் மேல்நிலைக் கல்வி பள்ளிக்குள் வந்தபோது ஆய்வகமும் பொதுத்தேர்வும் சேர்ந்து வந்தன. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கொண்டுவந்தது. உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். எமிஸ் எனும் கல்வி மேலாண்மைத் தகவல் இணையதளத்தில் வருகை முதல் விலையில்லாப் பொருள்கள் வரை பதிவேற்ற வேண்டும்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் உள்ள ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகளின் 1,14,095 குழந்தைகள் அதில் சேர்ந்தார்கள். காலை மணி அடிக்கும் முன்பே பள்ளி இயங்கத் தொடங்குகிறது. வருகை உயர்கிறதா, முதல் பாடவேளையில் குழந்தையின் கவனம் எப்படி, யார் எந்த வேலையைப் பங்கிட்டுக்கொள்வது என்பவை எல்லாம் நேரடியாகக் கல்வி மேலாண்மைக் கேள்விகள். எம்.எட். மாணவர் தம் ஆய்வேட்டுக்கு ஏற்ற களத்தை நடந்துபோகும் தூரத்திலேயே காணலாம்.

ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி பள்ளி முதல்வர்களுக்கும் உண்டு என்கிறது 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை. தமிழ்நாடு அதை ஏற்காமல் 2025 ஆகஸ்டில் தனக்கென மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. எந்தக் கொள்கை நடைமுறைக்கு வந்தாலும், தலைமையாசிரியர்ப் பதவிக்கு முன்பே ஒரு பருவம் முறையான படிப்பும், அனுபவமுள்ள தலைமையாசிரியர் ஒருவரின் கீழ் பயிற்சியும் தேவை. அதை நடத்தத் தெப்பக்குளத்திலும் காமராசர் பல்கலைக்கழகத்திலும் காரைக்குடியிலும் காந்திகிராமத்திலும் பேராசிரியர்கள் ஏற்கனவே இருக்கிறார்கள்; நூலகங்களும் உள்ளன. பதவி உயர்வு விதியில் அந்தப் படிப்புக்கு ஓர் இடம் ஒதுக்குவது மட்டும் பாக்கி.