நாலு பேர் சொன்னால் நியாயமா?

எங்கள் மாலை வகுப்புக்கு வரும் கல்லூரி முதலாமாண்டு மாணவர் ஒருவர் போன மாதம் ஒரு கேள்வியோடு வந்தார். கவுண்டர்-ஸ்டிரைக் விளையாடுகிறவர். டீமுக்கு ஐந்து பேர். அன்று மற்ற நால்வரும் ஒரே விடுதி நண்பர்கள், இவர் மட்டும் தனியாக வந்து சேர்ந்தவர். முதல் ரவுண்டு முடிந்ததும் ஹெட்செட்டில் விசாரணை ஆரம்பித்தது. எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், எந்தத் தெரு. மறைக்கத் தோன்றாமல் சொல்லிவிட்டார். அடுத்த ரவுண்டுக்குள் திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்தது: இவரை நீக்கலாமா? எஃப் 1 என்றால் ஆம், எஃப் 2 என்றால் இல்லை. நாலு ஆம் விழுந்தது. அவர் வெளியே.

"அக்கா, நான் மட்டமா ஆடுனதால தூக்குனாங்களா, இல்ல அதனாலயா? எப்படித் தெரிஞ்சுக்கறது?"

‘அது’ எது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தெரிந்துகொள்ள வழியில்லை என்பதுதான் எங்களால் சொல்ல முடிந்த பதில். அந்தப் பெட்டி காரணம் எதையும் காட்டவில்லை. ஆனால் அவருடைய கேள்வி எங்களை விடவில்லை. கூட ஆடுபவரை வாக்களித்து வெளியேற்றும் உரிமை ஆட்டக்காரர்களுக்கு இருக்கலாமா? அந்த வசதி எப்படி வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தோம்.

இணைய விளையாட்டின் தொடக்க காலத்தில் சர்வரை நடத்துபவர்தான் எல்லாம். அவருக்குப் பிடிக்காதவரை அவரே வெளியே அனுப்புவார். மிராசுதார் வீட்டுத் திண்ணை மாதிரி. அதற்கு மாற்றாகத்தான் வாக்கெடுப்பு வந்தது. 1999இல் வெளிவந்த குவேக் 3 அரீனாவில் ஆட்டக்காரர்களே வாக்கெடுப்பு அறிவித்து ஒருவரை நீக்க முடிந்தது. 2008இல் வந்த லெஃப்ட் 4 டெட் விளையாட்டில், நாலு பேர் சேர்ந்து பிழைக்க வேண்டிய ஆட்டத்திலும், இதே வசதி. 2009 டிசம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், முன்பின் தெரியாத ஐந்து பேரைத் தானாகவே ஒரு குழுவாகச் சேர்க்கத் தொடங்கியபோது நீக்கும் வாக்கையும் சேர்த்தே கொடுத்தது. ஒருவர் கையில் இருந்த அதிகாரம் எல்லோர் கைக்கும் வந்தது, அந்த அளவில் இது முன்னேற்றம்தான். ஏமாற்று மென்பொருள் வைத்து ஆடுகிறவனையும், வேண்டுமென்றே சொந்த டீமைச் சுடுகிறவனையும் சகித்துக்கொள் என்று யாரும் சொல்ல முடியாது.

வாக்குப் போட்டு ஆளை வெளியேற்றுவது கணினியோடு பிறந்ததல்ல. பொ.ஆ.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்தார் இதைச் சட்டமாகவே வைத்திருந்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, யாரையாவது வெளியேற்ற வேண்டுமா என்று சபையில் கேட்பார்கள். ஆம் என்றால் சில வாரங்கள் கழித்து சந்தைத் திடலில் கூடி, உடைந்த பானை ஓட்டில் ஒரு பெயரைக் கீறிப் போடுவார்கள். 6,000 ஓடுகள் தேவை. மாட்டிக்கொண்டவர் பத்து நாளில் ஊரைவிட்டுக் கிளம்பி, பத்தாண்டு வெளியே இருக்க வேண்டும். சொத்து பறிபோகாது. ஆனால் குற்றச்சாட்டு கிடையாது, விசாரணை கிடையாது, பதில் சொல்ல வாய்ப்பும் கிடையாது. அரிஸ்டைடிஸ் என்ற தலைவரைப் பற்றி புளூட்டார்க் ஒரு கதை சொல்கிறார். எழுதத் தெரியாத ஒருவர், ஆள் யாரென்று அறியாமல் அவரிடமே ஓட்டை நீட்டி, அரிஸ்டைடிஸ் பெயரை எழுதித் தரச் சொன்னாராம். அவர் என்ன தப்பு செய்தார் என்று கேட்டதற்கு, அவரை எல்லோரும் ‘நியாயவான்’ என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது என்பதுதான் பதில்.

கதை இருக்கட்டும், தொல்லியல் சான்று இன்னும் சுவையானது. ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு கிணற்றில் தெமிஸ்டாக்ளீஸ் என்ற தலைவரின் பெயர் கீறிய 190 ஓடுகள் கிடைத்தன. கையெழுத்தை ஆராய்ந்தால், மொத்தத்தையும் எழுதியது பதினான்கு பேர்தான். அதாவது முன்கூட்டியே எழுதிக் குவித்து வைத்திருக்கிறார்கள், வருகிறவர் கையில் கொடுக்க. வெளியேற்றும் வாக்கு எங்கே இருக்கிறதோ அங்கே கூட்டு சேர்ந்து வருகிறவர்களும் இருப்பார்கள். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அந்தத் திடலில் ஓடே கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம்.

நம் மாணவரின் ஆட்டத்தில் நடந்ததும் இதுதான். ஐந்தில் நால்வர் ஏற்கெனவே ஒரு கூட்டு. அங்கே எடுத்தது வாக்கெடுப்பு அல்ல, தலை எண்ணிக்கை. 1940களில் அண்ணல் அம்பேத்கர் திரும்பத் திரும்பச் சொன்ன வேறுபாடு இங்கே அப்படியே பொருந்துகிறது. அரசியல் பெரும்பான்மை என்பது கருத்தால் உருவாவது; இன்று சேரும், நாளை கலையும், யாரும் உள்ளே வரலாம், யாரும் வெளியே போகலாம். சமூகப் பெரும்பான்மை பிறப்பிலேயே தீர்ந்துவிடுகிறது. முதலாவதில் தோற்றவர் அடுத்த முறை ஜெயிக்கலாம். இரண்டாவதில் தோற்றவர் எத்தனை முறை வாக்கெடுத்தாலும் தோற்பார்.

மகாட் இதற்கு எல்லோரும் படிக்க வேண்டிய சான்று. சவுதார் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்த 1927 மார்ச் 20 நமக்குத் தெரியும். அதற்கு முன்னும் பின்னும் நடந்த இரண்டு வாக்கெடுப்புகளை அவ்வளவாகப் பேசுவதில்லை. பம்பாய் சட்டமன்றத் தீர்மானத்தை ஏற்று, 1924இல் மகாட் நகராட்சி அந்தக் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டுத் தீர்மானம் போட்டது. 1927 ஆகஸ்டில் அதே நகராட்சி அந்தத் தீர்மானத்தை ரத்து செய்தது. இரண்டும் முறைப்படிதான் நடந்தன. கை தூக்கித் திறந்த குளம், கை தூக்கியே மூடப்பட்டது. அதை மீண்டும் பெற்றுத் தந்தது இன்னொரு வாக்கெடுப்பு அல்ல. பத்தாண்டு வழக்கு நடத்தி 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பெற்ற தீர்ப்பு.

விளையாட்டில் நீக்கப்படுவதையும் ஊர்விலக்கையும் ஒன்றாக்கிப் பேசுவது தவறு என்று எங்களுக்குள்ளேயே ஒரு தோழர் கண்டித்தார். சரிதான். பம்பாய் அரசு 1928இல் அமைத்த குழு (அம்பேத்கரும் அதில் உறுப்பினர்) 1930இல் தந்த அறிக்கையைப் படித்தால் ஊர்விலக்கு எதையெல்லாம் பறித்தது என்பது தெரியும். குத்தகை நிலம், அன்றாடக் கூலி, நடக்கும் பாதை, கடையில் உப்பு புளி. கேமில் நீக்கப்பட்டவர் பத்து நிமிடத்தில் வேறு டீமுக்குப் போய்விடலாம். அளவு ஒன்றல்ல. ஆனால் பொறி ஒன்றுதான். தனித்தனியாகக் கேட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், ‘ஊர் முடிவு’ என்பார்கள். அதனால்தான் 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்று அரசியல் நிர்ணய சபைக்கு அளித்த ஆவணத்தில், ஊர்விலக்கு செய்வதையும் தூண்டுவதையும் மிரட்டுவதையும் குற்றமாக்கச் சொன்னார் அம்பேத்கர். அந்தப் பிரிவுகளுக்கு அவர் எடுத்துக்கொண்ட முன்மாதிரி 1922இன் பர்மா சட்டம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தில் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு தெளிவாகக் குற்றமாக வந்தது. எத்தனை ஆண்டு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேம் நிறுவனங்களும் பட்டுத்தான் திருந்தின. வார்கிராஃப்டில், அடிக்கடி நீக்க வாக்குக் கேட்பவருக்கு அந்த வசதி சிறிது காலம் முடங்கும்படி பின்னர் மாற்றினார்கள். 2016இல் ஓவர்வாட்ச் விளையாட்டில் ‘இவரைத் தவிர்’ என்றொரு பொத்தான் இருந்தது. அதை யார் மேல் அழுத்தினார்கள் தெரியுமா? விடோமேக்கர் பாத்திரத்தை உலகத் தரத்தில் ஆடிய ஒருவர் மேல். நல்ல மனிதர்தான், எதிரில் ஆடினால் தோற்க வேண்டும் என்பதுதான் அவர் குற்றம். தவிர்த்தவர்கள் கூடக்கூட அவருக்கு ஆட்டமே கிடைக்காமல் போனது. நிறுவனம் அந்தப் பொத்தானையே எடுத்துவிட்டது. அரிஸ்டைடிஸ் சிரித்திருப்பார். டீம் ஃபோர்ட்ரஸ் 2 நிலைமை அதைவிடக் கேலிக்கூத்து. மனிதர் போல நடிக்கும் தானியங்கி பாட்கள் சர்வர்களில் நுழைந்து, ஒன்றுக்கொன்று வாக்களித்து, மனிதர்களை நீக்கின. 2022 மேயில் ஆட்டக்காரர்கள் சமூக ஊடகங்களில் பெரும் இயக்கம் நடத்திய பிறகே நிறுவனம் வாய் திறந்தது.

எங்களுக்குப் பிடித்தது வேறொன்று. 2013இல் கவுண்டர்-ஸ்டிரைக்: குளோபல் அஃபென்சிவ் ஒரு முறை கொண்டுவந்தது. புகார் வந்த ஆட்டத்தின் பதிவை, அந்த ஆட்டத்தில் இல்லாத அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர் அவர்களுக்குக் காட்டப்படவில்லை. பெயரும் ஊரும் குரலும் தெரியாமல் செயலை மட்டும் பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று, பெயரையும் முகவரியையும் கேட்டதுமே முடிவாகிப்போன நேர்காணல்களுக்குப் போய்வந்த நம்மவர்களுக்குத் தெரியும். அந்த முறையும் குறையில்லாதது அல்ல. ஆனால் திசை சரி.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இது. நீக்கும் வாக்கு இருக்கட்டும், ஆனால் சேர்ந்து வந்த நண்பர் கூட்டத்துக்கு மொத்தமாக ஒரே வாக்குதான் இருக்க வேண்டும். காரணம் எழுதப்பட வேண்டும், நீக்கப்பட்டவர் அதைப் படிக்க வேண்டும், பதிவை வெளியாள் ஒருவர் பார்க்க வழி வேண்டும். சாதி சொல்லித் திட்டுவது, பெண்ணின் குரல் கேட்டதும் கொச்சையாகப் பேசுவது ஆகியவற்றை வாக்குக்கே விடக்கூடாது. திட்டு வாங்குகிறவர் அந்த டீமில் ஒருவர், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்; அவர் வாக்கெடுப்பில் ஜெயிக்கவே முடியாது. அங்கே விதிதான் வேலை செய்ய வேண்டும். இணையத்தில் ஏற்றிய காணொளியில் இழிவுபடுத்துவதும் ‘பொதுமக்கள் பார்வையில்’ நடந்ததாகவே கருதப்படும் என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பதை மாணவர்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் அந்த மாணவரிடம் சொல்லி முடித்தோம். அமைதியாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "போன வருஷம் நம்ம வாட்ஸ்அப் குரூப்ல இருந்து ஒரு அண்ணன எடுத்தீங்களே, அவருகிட்ட காரணம் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. ஒரு கூட்டத்தில் நாங்கள் ஆறு பேர் கை தூக்கினோம், இரவே அட்மின் நீக்கிவிட்டார். அவர் கூட்டத்துக்கு அழைக்கப்படவும் இல்லை. அன்று பெரிய தவறாகவே தோன்றவில்லை, அவர் பேச்சு எங்களுக்கு அலுத்துப்போயிருந்தது. அன்றைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தோம்; ‘ஒருமனதாக முடிவு’ என்று மட்டும் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை, நீக்கிய காரணத்தை எழுதி, அவருடைய பதிலைக் கேட்டு, ஆறு பேரும் கையெழுத்திட்டு அவருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். அதை எழுதி முடிக்க எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது. காரணம் என்ன என்பதில் ஆறு பேருக்கும் ஒரே நினைவு இல்லை.