முத்துக்குளித்துறையும் நம் முன்னோர் மூச்சும்

இவ்வாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு சங்கத்தின் மலர்க் குழுவினர் நம்மைப் பணித்தனர். நாம் புலவர் அல்லோம். பள்ளியிறுதி வகுப்பு வரை பயின்று, இருப்புப்பாதை அலுவலகத்தில் ஏடெழுதும் எளியோம். ஆயினும் அன்பர்தம் கட்டளையை மறுக்க மனமின்றி இதனை வரையத் துணிந்தோம். குற்றம் களைந்து குணம் கொள்க.

சென்ற மார்கழித் திங்களில், காக்ஸ் டவுனில் வைகறைப் பனி பெய்துகொண்டிருந்த ஒரு நாள், கல்லூரியில் பயிலும் நம் மூத்த மகன் வந்து நின்றான். கிறிஸ்துமஸ் விடுமுறையில் தோழர்களுடன் அந்தமான் செல்ல வேண்டும் என்றான். ஹேவ்லாக் என முன்னர் வழங்கி, 2018ஆம் ஆண்டு முதல் ஸ்வராஜ் தீவு எனப் பெயர் பெற்ற இடத்தில், முதுகில் காற்றுக் கலம் பூட்டிக் கடலடிக்குச் சென்று பவளப் பாறைகளையும் வண்ண மீன்களையும் காண்பார்களாம். ஸ்கூபா என்பது அதன் பெயர். நம் காலனியிலேயே இரண்டு மூன்று குடும்பத்தார் சென்று வந்துள்ளனர் என்றும் எடுத்துரைத்தான்.

நாம் வாய் திறக்குமுன், நம் அன்னையார் உள்ளிருந்து வந்து, “என் அப்பாவைக் கடல் செவிடாக்கியது போதாதா? காசு கொடுத்து வேறு முழுக வேண்டுமா?” என்று கேட்டுவிட்டுக் கண் கலங்கினார். மகன் திகைத்து நின்றான். தன் கொள்ளுப்பாட்டனார் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தவர் என்பதே அவனுக்குத் தெரியாது. அவனிடம் அதைச் சொல்லாதது நம் பிழை. அப்பிழையைத் துடைக்கவே இக்கட்டுரை எழுந்தது என்க.

பண்டைப் புகழ்

இன்று ‘குளித்தல்’ என்றால் நீராடுதல் என்றே கொள்கிறோம். நீருள் மூழ்குதல் என்பது அச்சொல்லின் பழம்பொருள். முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் என்னும் தொடர்களில் அப்பொருள் இன்றும் நிலைத்துள்ளது. ஸ்கூபா என்னும் புதுச்சொல்லைக் கற்ற நம் பிள்ளைகள் இப்பழஞ்சொல்லையும் அறிதல் வேண்டும்.

பாண்டிய நாட்டுக் கொற்கையின் முத்தைச் சங்க இலக்கியங்கள் போற்றுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடல்வழி நூலும் கொற்கையைக் குறிப்பிடுகின்றது. அங்கு முத்தெடுக்கும் தொழிலில் தண்டனை பெற்ற கைதிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்று அந்நூல் கூறுகின்றது. முத்தின் புகழைக் கேட்டு மகிழும் நாம் இக்குறிப்பையும் மறத்தல் ஆகாது. குற்றவாளிக்குத் தண்டனையாக விதிக்கத் தக்க அளவுக்கு அத்தொழில் கொடிதாகக் கருதப்பட்டது போலும்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழி வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ முத்துக்குளிப்பை விரித்துரைத்துள்ளார். ஏப்ரல் திங்கள் முதல் மே நடு வரை அது நிகழ்ந்தது என்றும், கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், இருபதில் ஒரு பங்கு சுறாமீனை மந்திரத்தால் கட்டுவோருக்கும் சென்றது என்றும் அவர் எழுதுகிறார். இம்மந்திரக்காரருக்குப் பிற்காலத்தில் ‘கடல்கட்டி’ என்று பெயர். கடல்கட்டி கரையில் இல்லையேல் குளிப்போர் படகேற மறுப்பர். மந்திரத்தால் சுறா ஓடியதோ இல்லையோ, அச்சம் ஓடியது.

1536, 1537ஆம் ஆண்டுகளை ஒட்டிப் பரதவ மக்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கிறித்தவம் தழுவினர். முத்துக்குளிக்கும் உரிமை பற்றிய பூசலே அதற்கு முதற்காரணம். 1542இல் புனித சவேரியார் இக்கரைக்கு வந்தார். 1658இல் தூத்துக்குடி ஒல்லாந்தர் கைக்குச் சென்றது. 1825இல் நிலையாக ஆங்கிலேயருக்காயிற்று. கொடிகள் மாறின, ஆயினும் மூச்சடக்கிக் கீழே சென்றோர் பரதவரும் கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம்களுமே ஆவர்.

குளித்த முறை

கடலடியில் சிப்பி படிந்து கிடக்கும் பாறைத் திட்டுக்குப் ‘பார்’ என்று பெயர். தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள தொலையிரம் பார் அவற்றுள் பேர் பெற்றது. மார்ச், ஏப்ரல் திங்கள்களில் கடல் அடங்கித் தெளிந்திருக்கும்போது படகுகள் வைகறையில் புறப்படும்.

குளிப்போன் கயிற்றில் கட்டிய கனத்த கல்லின்மேல் காலூன்றி, மூக்கை அடைத்துக்கொண்டு, மூச்சை இழுத்து நிறுத்திச் சைகை காட்டுவான். மேலிருப்பவன் கயிற்றை நெகிழ்த்துவான். கல் அவனை ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்திற்குக் கொண்டு செல்லும். கல்லை விட்டு இறங்கி, கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையில் வாரி, மூச்சு முட்டுமுன் கயிற்றை அசைப்பான். மேலிருப்பவன் விரைந்து இழுப்பான். இவையனைத்தும் ஒரு நிமிடத்திற்குச் சற்று முன்பின் முடிந்துவிடும். இருவர் ஒரு கல்லை முறை மாற்றிப் பயன்படுத்தி நண்பகல் வரை பலமுறை மூழ்குவர். கயிறு பிடிப்பவன் பெரும்பாலும் நெருங்கிய உறவினனாகவே இருப்பான். நம் பாட்டனாருக்குக் கயிறு பிடித்தவர் பாட்டியாரின் தமையனார். தங்கையின் தாலி தன் கையில் உள்ளது என்பதை அவர் ஒருபோதும் மறந்திலர் என்று அன்னையார் கூறுவார்.

கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகின்றது. இருபது மீட்டர் ஆழத்தில், மேலே இழுத்த மூச்சு நெஞ்சுக்குள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். செவிப்பறையை அழுத்தம் உள்நோக்கித் தள்ளும். ஈடு செய்யாவிடில் கிழியும். காதிலும் மூக்கிலும் குருதி வடிதல் குளிப்போரிடையே புதுமையன்று. நம் பாட்டனார் 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் நடந்த முத்துக்குளிப்பில் ஈடுபட்டவர். நாம் அறிந்த நாளில் அவருக்கு இடச்செவி முற்றிலும் கேளாது. வலச்செவியில் உரக்கப் பேச வேண்டும்.

வருவாய் யாருக்கு?

ஆங்கிலேயர் காலத்து இலங்கை முத்துக்குளிப்பில் எடுத்த சிப்பிகளைக் ‘கொட்டு’ என்னும் வேலியிட்ட களத்தில் மூன்றாகப் பகுப்பர். இரு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தோருக்கு. அரசு தன் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடும். உள்ளே ஆணிமுத்து உள்ளதா, ஒன்றுமே இல்லையா என்று எவருக்கும் தெரியாது. 1906இல் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பில் பணியாற்றிய இளம் அதிகாரி, பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனார்ட் உல்ஃப் ஆவார்.

அதே 1906ஆம் ஆண்டில் இலங்கைப் பார்கள் ஓர் ஆங்கிலக் கம்பெனிக்கு இருபதாண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. ஆனால் சிப்பி குத்தகைச் சீட்டைப் படித்துப் பார்த்து வளர்வதன்று. பார்கள் வறண்டன, குத்தகைக் காலம் முடியுமுன்னரே கம்பெனி கலைந்தது. நம் கரையிலும் அவ்வாறே. 1663 முதல் 1961 வரை, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளில், 38 முறை மட்டுமே முத்துக்குளிப்பு நடந்ததாகக் கணக்கு. மற்ற ஆண்டுகளில் குளிப்போர் சங்கெடுத்தும் மீன் பிடித்தும் பிழைத்தனர்.

ஜப்பானில் மிகிமோட்டோ என்பார் 1893இல் சிப்பியினுள் செயற்கையாகக் கருவிட்டு முத்து விளைத்தார். பின்னர் வளர்ப்பு முத்து உலகச் சந்தையை நிரப்பியது. 1961ஆம் ஆண்டே தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பாயிற்று. 1973இல் அதே ஊரில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர் அழகர்சாமி வளர்ப்பு முத்தை உருவாக்கி வெற்றி கண்டார். பாட்டனார் அச்செய்தியைக் கேட்டு, “இனி யார் செவியும் கிழிய வேண்டாம்” என்றாராம்.

மூச்சுக் கருவியும் கோணமலையும்

1943இல் பிரான்சு நாட்டில் ழாக் குஸ்தோ, எமில் கான்யான் என்னும் இருவர், அழுத்தி அடைத்த காற்றை நீரின் ஆழத்திற்கேற்ப மூச்சுக்கு வழங்கும் கருவியைச் செய்து முடித்தனர். ஸ்கூபா என்னும் கலை பரவியது இதனாலேயே. கயிறும் கல்லும் இன்றி மனிதன் மீனைப் போல் திரியலானான். தொழிலாயிருந்த மூழ்குதல் பொழுதுபோக்கும் ஆயிற்று.

குளிர் நாட்டினர் வெப்பத் தீவுகளை நாடி வரும் வழக்கத்திற்கு ஒரு சான்று நம் அண்டையிலேயே உண்டு. ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் கிளார்க், 1954 டிசம்பரில் கப்பலில் ஆஸ்திரேலியா செல்லும் வழியில் கொழும்பைக் கண்டார். 1956இல் தோழர் மைக் வில்சனுடன் இலங்கைக் கடல்களில் மூழ்க வந்தவர், பின்னர் அத்தீவையே தம் இல்லமாக்கிக்கொண்டார்.

அவ்விருவரும் திருக்கோணமலைப் பாறையடியில் மூழ்கியபோது கண்டவை தமிழர் நெஞ்சை உருக்குவன. திருஞானசம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலை 1622இல் போர்த்துக்கீசியர் இடித்துக் கடலில் தள்ளினர் என்பது வரலாறு. அக்கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் கடலடியில் கிடந்தன. முந்நூறாண்டுக்கு மேல் அலைக்கு அடியில் கிடந்ததை உலகுக்குக் காட்டியவர்கள் பொழுதுபோக்காக மூழ்க வந்த அந்நியர். 1963இல் கோயில் மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது. வில்சனோ பின்னாளில் துறவு பூண்டு சுவாமி சிவ கல்கி எனப் பெயர் கொண்டார். ஆகவே வேடிக்கைக்காக மூழ்குவதெல்லாம் வீண் என்று தள்ளிவிடவும் இயலாது.

இன்றைய நிலை

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றன. பல ஆண்டுகள் பவளப் பாறைகளை வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பியதால் நேர்ந்த அழிவைத் தடுக்க இது தேவையாயிற்று. அங்கு நினைத்தவாறு இறங்கிக் களிக்க இயலாது. எனவேதான் நம் பிள்ளைகள் அந்தமானையும் இலட்சத்தீவையும் நாடுகின்றனர்.

அங்குப் புதிதாகச் செல்வோரைப் பயிற்றுநர் ஒருவர் உடனிருந்து அழைத்துச் செல்வார். முதன்முறை மூழ்குவோரைப் பன்னிரண்டு மீட்டருக்குக் கீழே கொண்டு செல்வதில்லை. செவிநோய், இளைப்பு, நெஞ்சுநோய் உண்டா என எழுதி வாங்குவர். நோயை மறைத்துக் கையெழுத்திடல் ஆகாது. கீழே செல்லும்போது அழுத்தத்தால் நைட்ரஜன் குருதியில் கரையும். மேலே விரைந்து வந்தால், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் அது குமிழாகிக் கைகால்களை முடக்கக் கூடும். ஆகவே மெல்ல எழ வேண்டும். மூச்சை அடக்கவே கூடாது. மூழ்கிய பின் பதினெட்டு மணி நேரமாவது வானூர்தி ஏறலாகாது. ஒரு நாள் கழித்துப் புறப்படுதல் நலம். விடுமுறையின் கடைசி நாளில் மூழ்கிவிட்டு அன்றே பெங்களூருக்குப் பறந்து வர எண்ணும் அன்பர்கள் இதனைக் கருத்தில் கொள்க.

ஆனால் தூத்துக்குடியில் இன்றும் சங்கெடுப்போர் உளர். வங்கத்து மணமகளிர் அணியும் வெண்சங்கு வளைக்கு நம் கடற்சங்கு செல்கின்றது. அவர்கள் இப்போது மூச்சடக்குவதில்லை. படகிலுள்ள கம்ப்ரசர் எந்திரம் குழாய் வழி அனுப்பும் காற்றை உறிஞ்சி நெடுநேரம் கீழேயிருந்து சங்கு தேடுவர். குழாய் அறுந்தாலோ, எந்திரப் புகை கலந்தாலோ, விரைந்து மேலெழுந்தாலோ உயிருக்கு இறுதி. கைகால் முடங்கியோரும் மாண்டோரும் உண்டு. பணம் கொடுத்து மூழ்குவோருக்கு உள்ள காப்பு, கூலிக்கு மூழ்குவோருக்கு இல்லை. இது நம் நெஞ்சைச் சுடுகின்றது.

முடிவுரை

1809இல் கன்டோன்மென்ட் எழுந்தபோது பட்டாளத்துடனும், 1864இல் இருப்புப்பாதை வந்தபின் வேலை தேடியும் நம்மவர் இம்மேட்டு நிலம் ஏறினர். மூவாயிரம் அடி உயரத்தில் வாழும் நாம் கடலை மறந்தது இயல்பே. பாட்டனாரும் தம் மக்கள் கடலைத் தொடலாகாது என்றே அவர்களைப் பள்ளிக்கு அனுப்பினார். இன்று நாம் அமர்ந்து எழுதும் நாற்காலி அவர் இழந்த செவியின் விலை.

மகனைத் தடுத்தோமா எனக் கேட்பீர்கள். தடுத்திலோம். ஆனால், முதலில் நம்முடன் வருக என்றோம். மைசூரிலிருந்து பெங்களூர் வழியே செல்லும் விரைவு வண்டியில் தூத்துக்குடி சென்று, பாட்டனார் படகேறிய கரையில் அவனை நிறுத்தினோம். சங்குகுளிக்கும் முதியவர் ஒருவர் அவனருகே அமர்ந்து, தம் மரத்துப்போன முழங்காலைக் காட்டி, அவசரப்பட்டு மேலே வந்ததன் பயன் இது தம்பி, நீ மெதுவாக வா என்றார். அவன் நெடுநேரம் பேசவில்லை.

பொங்கலுக்குப் பின் அவன் அந்தமான் சென்று திரும்பினான். பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் செவி வலித்தபோது கொள்ளுப்பாட்டனாரை நினைத்தேன் என்று தன் பாட்டியாரிடம் உரக்கச் சொன்னான். அன்னையார் அவன் இரு காதுகளையும் தொட்டுப் பார்த்துவிட்டு, சாப்பிட வா என்று அழைத்துச் சென்றார்.

சங்க அன்பர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் தீவுகளுக்குச் செல்லட்டும். கடலின் அழகைக் கண்டு களிக்கட்டும். அதற்கு முன், மூச்சொன்றையே துணையாகக் கொண்டு அங்குச் சென்றோர் கதையை ஒருமுறை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!